இரண்டு பேருக்கு ஒரு ஜாக்கெட்

அன்று மாலை அந்த மலைக்குடிலில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலோரப் பெஞ்சில் ஒட்ருன், மடியில் பாதி பின்னிய கம்பளிக் குல்லாவோடு. அவருக்கு எதிரே, மேசையின் மறுபக்கம், அவர் கணவர் கோரெ, சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டு. இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஈரக் காலுறைகளைத் திருப்பித் திருப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தவள் சிக்னே. கதவுக்கு மிக அருகே, மேசையின் கடைசி மூலையில், அவள் கணவன் விதார். வேறு யாரும் இல்லை. விறகுக் கொட்டகையில் யாரும் இல்லை. கழிப்பறைக் கொட்டகையிலும் இல்லை. அடுத்த குடில் ஒரு பகல் நடை தள்ளி இருந்தது.

இந்த வரிசையைச் சிக்னே பிறகு பலமுறை மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தாள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

விதார் சட்டென்று எழுந்தான். கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்து, "என்ன, சொல்லு," என்றான்.

இருட்டிலிருந்து ஈரப்பாசி வாசனையும் குளிர்ந்த காற்றும் உள்ளே வந்தன. மேசை மேலிருந்த மெழுகுவத்தியின் சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது.

"யார்கிட்டப்பா பேசுற?" என்றார் கோரெ.

"சிக்னே கூப்பிட்டா."

"நான் இங்க இருக்கேன்," என்றாள் சிக்னே, அடுப்பருகிலிருந்து.

விதார் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு மறுபடியும் வெளியே பார்த்தான். "'ஒரு நிமிஷம் வெளிய வா'ன்னு கேட்டுச்சு. உன் குரல்தான்."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று கேட்டார் கோரெ.

"ஏழு."

"அப்போ சரிதான். அதுக்குள்ள பெண்டாட்டி குரல் காதுக்குள்ளயே குடிவந்துடும். எனக்கு முப்பத்தஞ்சு. இவ ஊர்ல இருந்தாக்கூட நான் காட்டுல குனிஞ்சுதான் நடக்கிறேன்."

"நீ குனியறதா?" என்றார் ஒட்ருன், ஊசியிலிருந்து கண் எடுக்காமல். "உன் வயிறு விட்டாத்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். விதாரும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். சாத்திய பிறகு தாழ்ப்பாளையும் போட்டான். அந்தக் குடில்களில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. எந்த நேரத்திலும் யாராவது நனைந்து வந்து நிற்கலாம்; கதவு திறந்தே இருக்க வேண்டும். அவன் போட்டதைச் சிக்னே கவனித்தாள்.

அன்று சிரிப்பதற்கு வேறு விஷயங்களும் நிறைய இருந்தன. சிக்னேயும் விதாரும் முதுகுச்சுமையின் எடையைக் குறைத்து மலையேறுகிற கூட்டம். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுப்பார்கள். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சலவைச் சீட்டைக் கத்தரித்து எறிவார்கள். கூடாரத்துக்கென்று தனிக் கம்பு கிடையாது. கையிலிருக்கும் நடைக்கோல்களையே நட்டு, வெண்ணெய்த்தாள் போன்ற துணியை அதன்மேல் இழுத்துக் கட்டுவார்கள். கோரெயும் ஒட்ருனும் வார்ப்பிரும்பு வாணலியை முதுகில் சுமந்து வந்து அதில் பன்றி இறைச்சி வறுக்கிறவர்கள்.

விதாரிடம் ஒரு வித்தை இருந்தது. எதை உள்ளங்கையில் வைத்தாலும் எடை சொல்லிவிடுவான். கோரெ தன் பழுப்புச் சீஸ் கட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார். விதார் கண்ணை மூடி, கையை இரண்டு முறை மேலும் கீழும் அசைத்தான்.

"நானூத்திப் பத்து கிராம். காகிதத்தோட."

கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அவ்வளவேதான்.

"காகிதத்தோடன்னு வேற சொல்றான் பாரு," என்றார் ஒட்ருன். பிறகு ஆணியில் தொங்கிய அவர்கள் துணிமணிகளை ஏறிட்டுப் பார்த்தார். "இறகு ஜாக்கெட் ஒண்ணுதான் தொங்குது. இன்னொண்ணு எங்க?"

"ஒண்ணுதான்," என்றான் விதார் பெருமையாக. "ராத்திரி படம் எடுக்க ஒருத்தர் வெளிய போவோம். இன்னொருத்தர் கூடாரத்துக்குள்ள, போர்வைக்குள்ள. வெளிய போறவங்களுக்கு ஜாக்கெட், உள்ள இருக்கிறவங்களுக்குப் போர்வை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெளிய நிக்கிற அவசியமே வராது. அப்புறம் எதுக்கு ரெண்டு ஜாக்கெட்?"

"சண்டை வந்தா?"

"தோத்தவங்க ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு வெளிய போகணும்."

"கால்சட்டையாவது தனித்தனியா இருக்கா?" என்று ஒட்ருன் கேட்டதும் கோரெ இருமத் தொடங்கும் வரை சிரித்தார்.

படுக்கப் போகும்முன் ஒட்ருன் மாவுப் பொட்டலத்தின் அட்டையைக் கிழித்து அதில் தன் விலாசத்தை எழுதிச் சிக்னேயிடம் கொடுத்தார். கூடாரம் உள்ளேயிருந்து விளக்குப்போல மின்னும் படம் ஒன்று அவருக்கு வேண்டும். "காகிதத்துல போட்டு அனுப்பு. போன்ல வந்தா என் கட்டைவிரலே பாதிப் படத்தை மறைச்சுடுது." சிக்னேயும் விதாரும் படமெடுக்கப் போகவிருந்த சிற்றேரி கோரெக்குப் பழக்கமான இடம். பனி விழுவதற்கு முன் நாயோடு அந்தப் பக்கம் காட்டுக்கோழி வேட்டைக்குப் போவதுண்டு என்றார்.

விளக்கணைந்த பிறகு மேல்கட்டிலில் விதார் புரண்டுகொண்டே இருந்தான்.

"தூங்கலயா?" என்றாள் சிக்னே.

"உன் குரல்தான் அது," என்றான் அவன். "எனக்குத் தெரியாதா?"

*

சிற்றேரியை அவர்கள் இரண்டாம் நாள் பிற்பகலில் அடைந்தார்கள். பாதை எப்போதோ முடிந்துபோயிருந்தது. குட்டையான பிர்ச் மரங்களும் முடிந்து, சிவந்த பாசியும் தரையோடு படர்ந்த செடிகளும் கறுப்புக் கற்களும் மட்டுமே இருந்த மேட்டுநிலம் அது. ஏரியின் ஒரு கரையில் கூடாரம் போடத் தோதான சமதரை. மறுகரையில் வீட்டளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்த மேடு. அதன் நடுவே, தனியாக, தட்டையான முதுகோடு ஒரு பெரிய பாறை. படம் எடுப்பதற்கு அதைவிட நல்ல இடம் அமையாது என்று பார்த்தவுடனே சிக்னேக்குத் தெரிந்தது.

கலைமான்கள் பத்துப் பன்னிரண்டு மேட்டு விளிம்பில் வந்து நின்றன. தண்ணீருக்குத்தான் வந்திருக்க வேண்டும். இறங்கவில்லை. மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றன. பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் வந்த வழியே திரும்பின.

"நம்ம வாசனை," என்றாள் சிக்னே.

"காற்று நம்ம முகத்துல அடிக்குது," என்றான் விதார். "நம்ம வாசனை அந்தப் பக்கம் போகாது."

இருட்டு விழுந்ததும் வானம் வெறித்தது. குளிர் இறங்கியது. ஏரியின் ஓரத்தில் கண்ணாடிச் சில்லுபோல மெல்லிய பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கியிருந்தது. சிக்னே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். கேமராவை எடுத்தாள். கேமரா முக்காலி சுமப்பதில்லை, ஒரு காலுறைக்குள் கூழாங்கற்களை நிரப்பி, அதைப் பாறைமேல் வைத்து, அதில் கேமராவை அழுத்திவிடுவாள். விதார் மெல்லிய கம்பளி உள்சட்டையோடு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் சேர்த்து இருந்த ஒரே நெற்றிவிளக்கு அவனிடம்.

"முதல் படத்துக்குக் கோப்பையைத் தூக்கிப் பிடி. உள்ள மனுஷன் இருக்கான்னு தெரியணும். அப்புறம் சும்மா உட்கார்ந்தா போதும்."

"முதல் படத்துக்கு மட்டும்தான். கை மரத்துப்போகும்."

"வெளிய வந்துடாதே. கேமரா தானா அடுத்தடுத்து எடுத்துக்கிட்டே இருக்கும், படம் கெட்டுப்போயிடும்."

"இந்தக் குளிர்ல நான் எதுக்கு வெளிய வர்றேன்?" என்றான் அவன்.

ஏரியைச் சுற்றி, கல்லுக்குக் கல் கால்வைத்து, போனின் மங்கிய வெளிச்சத்தில் அவள் மேடேறினாள். தட்டைப் பாறையில் கேமராவைப் பதித்துவிட்டுப் போனை ஆட்டிக் காட்டினாள். கீழே கூடாரம் பற்றிக்கொண்டதுபோல் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. துணியில் விதாரின் நிழல், குனிந்த முதுகோடு, ஒரு கையில் கோப்பை. அழகாக இருந்தது. கேமராவை ஓடவிட்டு, காற்றுக்கு மறைவாகப் பாறையின் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தாள். இனி அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மலைவிளிம்புக்கு மேலே வடதுருவ ஒளி பச்சையாக ஊறி, நீண்டு, மடிந்து, தண்ணீரில் கரைந்த சாயம்போல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே கற்கள் எல்லாம் ஈரமான முதுகுகள்போல மினுங்கின. நசுங்கிய கறுப்புப்பழச் செடியின் புளித்த வாசனை, தன் கழுத்துப்பட்டைக்குள்ளிருந்து வரும் விறகுப்புகை வாசனை, எங்கோ கற்களுக்கு அடியில் ஓடும் நீரின் முணுமுணுப்பு, தலைக்கு மேலே பாறையில் கேமரா ஒவ்வொரு படமாக மூடித் திறக்கும் சன்னமான சொடுக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சொடுக்கு கேட்டது. இன்னொரு சொடுக்கு.

நீரின் ஓசை நின்றிருந்தது.

எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சை அடக்கிக் கேட்டாள். ஓடை இல்லை. காற்றும் இல்லை. ஏரிப்பக்கத்திலிருந்து ஒரு கல் இன்னொரு கல்மேல் உருளும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு இன்னொன்று. யாரோ அவசரமாக, தடுமாறி, இருட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"சிக்னே? எங்க இருக்க? என்ன ஆச்சு?"

விதாரின் குரல். அவள் எழுந்து போனை உயர்த்தினாள். விதார்தான். தாடி. காலையில் பிர்ச் கிளை கீறிய மூக்கு. கம்பளி உள்சட்டை. காலில் தூங்கும்போது போடும் சாம்பல் நிறக் காலுறை மட்டும். அது நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு சொல்லோடும் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

"எதுக்கு வெளிய வந்த?" என்றாள்.

"நீதானே கூப்பிட்ட?"

"நான் கூப்பிடல."

"திரும்பத் திரும்பக் கூப்பிட்ட சிக்னே. அடிபட்ட மாதிரி. வெளிய வா, வெளிய வான்னு." அவன் பற்கள் அடித்துக்கொண்டன. "ஷூகூடப் போடாம, விளக்கைக்கூட எடுக்காம ஓடி வர்றேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவன் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தாள்.

கூடாரம் ஆரஞ்சாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. துணியில் நிழல் இருந்தது. குனிந்த முதுகு. தலை. ஒரு கை.

கை கோப்பையை உயர்த்திப் பிடித்திருந்தது.

விதாரும் திரும்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அது யாரு?" என்றான், கிசுகிசுப்பாக.

சிக்னேயின் மனம் அந்த நேரத்தில் ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டது. அத்தனை வருடம் அத்தனை மலையில் போட்ட கணக்கு. வெளியே ஒருவர், உள்ளே ஒருவர். ஜாக்கெட் தன் உடம்பில் இருக்கிறது. அப்படியானால் வெளியே இருக்கும் ஆள் அவள். விதார் உள்ளே இருக்கிறான், போர்வைக்குள். வெளியே வர மாட்டேன் என்றுதான் சொன்னான். ஜாக்கெட் இல்லாமல் அவன் வெளியே வரவே மாட்டான்.

அப்படியானால் இது.

"ஜாக்கெட்டைக் கொடு," என்றான் பக்கத்தில் நின்றவன். "ரெண்டு நிமிஷம் போதும். கை வேலை செய்யல."

அவள் ஓரடி பின்னால் வைத்தாள்.

"சிக்னே."

கீழேயிருந்து குரல் வந்தது. நிதானமான, வெதுவெதுப்பான குரல். விதாரின் குரல். "சிக்னே, முடிஞ்சுதா? குளிர்ல நிக்காதே. உள்ள வா."

"போகாதே," என்றான் பக்கத்தில் நின்றவன். அவள் ஜாக்கெட் கையைப் பற்றினான். விரல்கள் ஐஸ்கட்டிபோல அவள் மணிக்கட்டில் பட்டன. செத்த விரல்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

உதறினாள். ஓடினாள்.

பின்னால் அவன் வருவது கேட்டது. கல் சரிந்தது. பெரிய கல். ஒரு அலறல், பாதியில் அறுந்தது. அவள் நிற்கவில்லை. ஏரியோரப் பனிக்கட்டி காலடியில் நொறுங்கியது. கூடாரத்தின் ஜிப்பை அவள் தொடுவதற்கு முன்பே அது உள்ளேயிருந்து திறந்தது.

விதார் போர்வையை இடுப்புவரை போர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"வெளிய... உன்னை மாதிரியே..."

"வெளிய யாரும் இல்ல. நான் இங்கதானே இருக்கேன்." அவன் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான். கை சூடாக இருந்தது. உலர்ந்து, சூடாக. அவள் அழுதாள்.

மேட்டிலிருந்து குரல் வந்தது. "சிக்னே. கால் மாட்டிக்கிச்சு."

"பதில் சொல்லாதே," என்றான் விதார்.

"சிக்னே, கல்லு கால்மேல கிடக்கு. அசைக்க முடியல."

"அது நான் இல்ல," என்றான் விதார். ஜிப்பை இழுத்து மூடினான்.

விளக்கு வெளிச்சத்தில் அவள் மூச்சு வெள்ளையாகச் சுருண்டு துணியில் போய் மோதிக்கொண்டிருந்தது. அவன் வாயருகே ஒன்றும் இல்லை. அவன் பேசினான், ஒன்றும் வரவில்லை. போர்வைக்குள் இருக்கிறான், அதனால்தான், என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேகமாக நினைத்துக்கொண்டாள். அவன் அவள் கண் போன இடத்தைப் பார்த்தான். விளக்கை அணைத்தான்.

இருட்டில் குரல் மட்டும்.

"சிக்னே."

பிறகு, வெகுநேரம் கழித்து: "நீ வர வேணாம். ஜாக்கெட்டை மட்டும் தூக்கிப் போடு."

பக்கத்தில் படுத்திருந்தவன் அசையவில்லை. அவனிடமிருந்து எந்த வாசனையும் வரவில்லை. ஐந்து நாள் குளிக்காத உடம்பு. வியர்வை இல்லை, புகை இல்லை. ஓடையில் கிடந்த கல்லைப்போல.

"சிக்னே."

பிறகு பெயரும் இல்லை. பெயரின் முதல் எழுத்து மட்டும், நீளமாக, பல்லிடுக்கில் காற்றுபோல. பிறகு அதுவும் இல்லை.

ஓடை மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் விடியும்வரை ஜாக்கெட்டுக்குள் கண் விழித்துக் கிடந்தாள்.

காலையில் மூடுபனி தண்ணீர்மேல் உட்கார்ந்திருந்தது. மேடு தெரியவில்லை. விதார் எல்லாவற்றையும் கட்டி முடித்திருந்தான். அவள் கேமராவை எடுக்கப் பாறைக்குப் போக வேண்டும் என்றபோது, அது அவன் கையில் இருந்தது.

"நானே கொண்டுவந்துட்டேன்."

"எப்போ?"

"நீ தூங்கினப்போ."

அவள் தூங்கவில்லை. மேட்டுப்பக்கம் நாலடி வைத்தாள். பின்னாலிருந்து அவன் அழைத்தான். "சிக்னே." இரவில் கல்லுக்கு அடியிலிருந்து வந்த அதே ஏற்றம், அதே இறக்கம், அதே நடுக்கம். அவன் முகத்தில் நடுக்கம் எதுவும் இல்லை.

அவள் திரும்பிவந்து அவன் பின்னால் நடந்தாள்.

*

நார்விக் நகரில் அவர்கள் வீடு துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் இருந்தது. விதார் வேலைக்குப் போனான், வந்தான். உருளைக்கிழங்கு அவித்தான். தொலைக்காட்சி பார்த்துச் சிரித்தான். மற்றவர்கள் சிரித்து முடித்து ஒரு கணம் கழித்துச் சிரித்தான். அவன் சட்டைகளைச் சலவைக்குப் போடும்முன் சிக்னே முகர்ந்து பார்த்தாள். துணி வாசனை மட்டும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் இரண்டு பைகளையும் கொக்கியில் தொங்கவிட்டு எடைபோட்டுப் பெருமையடிப்பவன், இந்தமுறை தராசைத் தேடவே இல்லை. ஜாக்கெட் முன்னறை ஆணியில் தொங்கியது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள்.

யாரிடம் சொல்வது? காவல் நிலையத்துக்குப் போய் என் கணவரைக் காணவில்லை என்று சொல்லலாம். அவர் இப்போது எங்கே என்று கேட்டால், சமையலறையில், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

கேமராவை அவள் வாரக்கணக்கில் தொடவில்லை. அக்டோபர் நடுவில், அவன் குளியலறையில் இருந்த ஒரு மாலை, படங்களைத் திறந்தாள்.

முதல் படத்தில் கூடாரம், ஆரஞ்சு வெளிச்சம், கோப்பையோடு ஒரு நிழல். இரண்டாவதில் கோப்பை கீழே இறங்கியிருந்தது. மூன்றாவதிலும் நாலாவதிலும் நிழல் தலையைத் திருப்பி எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாவதில் இரண்டு நிழல்கள்.

ஒன்று வாசலில் குனிந்திருந்தது. ஜிப் திறந்து, வெளிச்சம் பாசியில் சிந்தி, அந்த வெளிச்சத்தில் ஒரு கால் தெரிந்தது. சாம்பல் நிறக் காலுறை. மற்றொன்று அவனுக்குப் பின்னால், அவன் முதுகை உரசும் நெருக்கத்தில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கோப்பையை எடுக்கக் கை நீட்டியிருந்தது.

அவளுக்காகத்தான் அவன் வெளியே வந்திருக்கிறான். ஷூ இல்லாமல்.

சிக்னே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் இன்னும் கேட்டது. அந்தப் படத்தை அச்சு எந்திரத்தில் எடுத்தாள். மாவுப் பொட்டல அட்டையைத் தேடி எடுத்தாள். காகிதத்தை நேராக வைத்து, ஓரம் விட்டு, பள்ளிக்கூடத்தில் பழகிய கையெழுத்தில் எழுதினாள். *அன்புள்ள ஒட்ருன், கோரெ, கேட்ட படம் இதனுடன். சிற்றேரியின் மறுகரையில் பாறை மேடு இருக்கிறது. தட்டைப் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் தேடுங்கள். பனி விழும்முன் போங்கள். எதைக் கண்டாலும் எனக்குப் போன் செய்யாதீர்கள். காவல் துறையிடம் நேராகச் சொல்லுங்கள். அவன் மேல் எதையாவது போர்த்திவிடுங்கள்.*

மடித்து உறைக்குள் வைத்து, விலாசம் எழுதினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"யாருக்கு?"

அவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சோப்பு வாசனைகூட இல்லை.

"ஒட்ருனுக்கு. படம் கேட்டாங்கல்ல."

"ஓ. நல்லாச் சிரிப்பாங்களே." உறையை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டான். பிரித்துப் பார்க்கவில்லை. மடிப்பை நாக்கால் நனைத்தான். முனையிலிருந்து முனைவரை, மெதுவாக. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். அஞ்சல்தலையை அவள் ஒட்டினாள்.

"எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள். தன்னை அறியாமல் கேட்டாள்.

"என்ன?"

"எடை."

உறை அவன் உள்ளங்கையில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கண்ணை மூடவில்லை, கையை அசைக்கவில்லை.

"கனமா இல்ல," என்றான். "நான் போய்ப் போட்டுட்டு வர்றேன்."

"நானே போறேன்."

"வெளிய குளிரு. நீ உள்ள இரு." கதவருகே நின்று, ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டைக் கடந்து, ஈரத் தலையோடு, சட்டையோடு போனான். "அவங்க அங்க போறப்போ நாமளும் போலாம்," என்று படிக்கட்டிலிருந்து சொன்னான்.

சிக்னே சன்னலுக்குப் போனாள். தெருவில் பனி விழத் தொடங்கியிருந்தது. விளக்குக்கம்பத்தின் அடியில் சிவப்புத் தபால்பெட்டி. அவன் அதன் எதிரே நின்றான். வாயருகே ஆவி இல்லை. தலைமுடியில் விழுந்த பனி உருகவில்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்து விலாசத்தைப் படித்தான். பெட்டிக்குள் போட்டான். இரும்பு மூடி விழும் சத்தம் மேலேவரை கேட்டது.

அவன் நகரவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து நின்றான், ஒரு பாட்டின் சுருதியைப் பிடிக்கிறவன்போல. உதடு அசைந்தது.

மூடிய சன்னல் வழியாகச் சிக்னே தன் சொந்தக் குரலைக் கேட்டாள்.

"ஒட்ருன். ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

அவன் சற்று யோசித்தான். மறுபடியும் சொன்னான். இந்தமுறை இன்னும் நன்றாக இருந்தது. அடிபட்ட மாதிரி.